டொராண்டோவின் வீடற்றோர்: கணக்கில் வருவோரும் வராதோரும்

கனடாவின் மிகப் பெரிய நகரமான டொராண்டோவில் வீடின்றி வாழ்வோரின் எண்ணிக்கை மூன்றரை ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்திருப்பதாக அந்நகர நிர்வாகத்தின் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சுமார் 7,300 ஆக மதிப்பிடப்பட்டிருந்த இந்த எண்ணிக்கை, 2024 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுமார் 15,400 ஆகக் கணக்கிடப்பட்டது.

இந்த உயர்வைக் காட்டிலும் அதிகமாகக் கவனிக்கப்பட வேண்டியது அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியிருப்பவர்கள் யார் என்பதே. சொந்த நிலத்திலேயே இடம் இழந்த பூர்வகுடி மக்கள், விமானத்தில் இருந்து இறங்கிய சில நாட்களிலேயே நடைபாதைக்கு வந்து சேர்ந்த தஞ்சக் கோரிக்கையாளர்கள், பெற்றோரால் வெளியேற்றப்பட்ட இளைஞர்கள், கணவரின் வன்முறைக்கு அஞ்சி வெளியேறிய பெண்கள், வாடகை கட்ட முடியாமல் போன முதியவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் "வீடற்றோர்" என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றனர். ஆனால் அவர்கள் அந்த நிலைக்கு வந்த வழிகளும், அதிலிருந்து மீள்வதற்குத் தேவைப்படும் உதவிகளும் ஒன்றல்ல.

ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கும் நகரம் என்ற வகையில், இந்தப் பிரச்சினைக்கு மற்றொரு பக்கமும் இருக்கிறது. தமிழர்கள் போன்ற குடியேறிய சமூகங்களில் வீட்டை இழப்பவர்கள் பெரும்பாலும் தெருவில் காணப்படுவதில்லை. அதனாலேயே அவர்கள் கணக்கிலும் வருவதில்லை.

யார் வீடற்றவர்?

வீடற்றோர் என்றதும் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கியிருப்பவரோ, கட்டிட வாசலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவரோதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். ஆனால், 2012 ஆம் ஆண்டில் கனடிய ஆய்வாளர்கள் வகுத்த வரையறை இதைவிட விரிவானது. அதன்படி வீடற்ற நிலை நான்கு வகைப்படும். முதலாவது, தெருவிலும் பூங்காக்களிலும் வாகனங்களிலும் கூரையின்றித் தங்கியிருப்பது. இரண்டாவது, இரவுக் காப்பகங்களில் தங்கியிருப்பது. மூன்றாவது, நண்பர் அல்லது உறவினர் வீட்டில் தற்காலிகமாக ஒண்டியிருப்பது. நான்காவது, இன்றைக்கு ஒரு வீடு இருந்தாலும் எந்த நேரத்திலும் அதை இழக்கக்கூடிய நிலையில் வாழ்வது.

டொராண்டோ நகர நிர்வாகம் 2006 ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்திவரும் கணக்கெடுப்பு இவற்றுள் முதல் இரண்டு வகையினரைப் பிடித்துக் காட்டுகிறது. மூன்றாவது வகையினரை, அதாவது உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை, எந்தக் கணக்கெடுப்பாளரும் சந்திப்பதில்லை. அவர்கள் "மறைந்திருக்கும் வீடற்றோர்" என்று அழைக்கப்படுகின்றனர்.

இது வெறும் சொல் விளக்கம் மட்டுமல்ல. காப்பகப் படுக்கைகள், வாடகை மானியங்கள், மீள்குடியேற்றத் திட்டங்கள் ஆகியவற்றுக்கான நிதி கணக்கில் காணப்படும் தேவையை வைத்தே ஒதுக்கப்படுகிறது. கணக்கில் இல்லாதவருக்கு ஒதுக்கீட்டிலும் இடம் இருப்பதில்லை.

கொள்கை முடிவுகளின் விளைவு

இன்றைய நெருக்கடி திடீரென்று தோன்றியது அல்ல. 1993 ஆம் ஆண்டில் கனடிய மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்கான நீண்டகால நிதியுதவியை ஏறத்தாழ முற்றிலுமாக நிறுத்தியது. 1995 ஆம் ஆண்டில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆட்சிக்கு வந்த மைக் ஹாரிஸ் அரசு, திட்டமிடப்பட்டிருந்த சுமார் 17,000 சமூக வீடுகளை ரத்துச் செய்ததுடன், சமூக நல உதவித்தொகையையும் 21.6 சதவீதம் குறைத்தது. 1998 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒரு குடியிருப்பாளர் வெளியேறிய பின் அடுத்தவரிடம் எவ்வளவு வாடகை கேட்பது என்பதை வீட்டு உரிமையாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

அதே 1998 ஆம் ஆண்டில் டொராண்டோவின் சமூக ஆர்வலர்களும் செவிலியர்களும் ஒன்றுகூடி, வீடற்ற நிலையை ஒரு தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்று கோரினர். நகர சபை அக்கோரிக்கையை ஏற்றது. ஆனால் பிரச்சினையின் வேர்கள் நகர சபையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவையாக இருந்தன.

வருமானத்துக்கும் வாடகைக்கும் இடையிலான இடைவெளி அதன் பின்னர் மேலும் அகன்றது. ஒன்டாரியோவில் தனியாக வாழும் ஒருவருக்கான சமூக நல உதவித்தொகை 2018 ஆம் ஆண்டில் மாதத்துக்கு அதிகபட்சம் 733 டாலர்களாக இருந்தது. அதில் வாடகைக்கென ஒதுக்கப்பட்ட பகுதி 390 டாலர்கள் மட்டுமே. அந்தத் தொகை அதன் பின்னர் பல ஆண்டுகளாக உயர்த்தப்படாத நிலையில், டொராண்டோவில் ஒற்றைப் படுக்கையறை கொண்ட வீட்டைப் புதிதாக வாடகைக்குத் தேடுவோரிடம் 2,000 டாலர்களுக்கும் மேல் கேட்கப்பட்டது. மானிய வாடகை வீடுகளுக்கான காத்திருப்போர் பட்டியலில் 80,000-க்கும் அதிகமான குடும்பங்கள் சேர்ந்தன.

எனவே வீடற்ற நிலைக்குப் போதைப் பழக்கமோ மனநோயோ சோம்பலோதான் காரணம் என்ற பொதுவான எண்ணம் உண்மையின் ஒரு சிறு பகுதியையே தொடுகிறது. அத்தகைய சிக்கல்கள் உள்ளவர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். குறைந்த வாடகை வீடுகள் கிடைக்கும் இடங்களில் அவர்களும் வீடுகளில் வாழ்கிறார்கள். வீடுகள் போதாத இடத்தில், யாரிடம் பணமும் உறவும் உடல்நலமும் சட்ட அந்தஸ்தும் குறைவோ அவர்களே முதலில் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

பூர்வகுடி மக்கள்

டொராண்டோவின் மக்கள் தொகையில் பூர்வகுடி மக்கள் மிகச் சிறிய விகிதத்தினரே. ஆனால் 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிலளித்த வீடற்றோரில் 15 சதவீதம் பேர் தம்மைப் பூர்வகுடியினர் என்று அடையாளப்படுத்திக்கொண்டனர்.

இதன் பின்னணியில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்களது மொழியையும் பண்பாட்டையும் அழிக்கும் நோக்கத்துடன் நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளிகளில் கடைசிப் பள்ளிகள் 1990களில்தான் மூடப்பட்டன. 1960களிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கான பூர்வகுடிக் குழந்தைகள் பிற இனக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். குடும்பம் என்ற பாதுகாப்பு வலையே இவ்வாறு தலைமுறை தலைமுறையாக அறுக்கப்பட்டபோது, நகரத்துக்கு வந்து இடருற்றவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் இல்லாமல் போனது.

டொராண்டோவின் தெருக்களில் பல ஆண்டுகள் வீடின்றி வாழ்ந்து, பின்னர் யார்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரான ஜெஸ்ஸி திஸ்ஸில், 2017 ஆம் ஆண்டில் பூர்வகுடியினருக்கான தனி வரையறை ஒன்றைத் தொகுத்தார். பூர்வகுடியினரைப் பொறுத்தவரை வீடற்ற நிலை என்பது கட்டிடம் இல்லாமை மட்டுமல்ல. நிலம், உறவு, மொழி, பண்பாடு ஆகியவற்றுடனான தொடர்பு அறுந்த நிலையே அது என்று அந்த வரையறை கூறுகிறது. இதனால்தான், 1985 ஆம் ஆண்டில் பூர்வகுடி ஆண்களுக்கென டொராண்டோவில் தொடங்கப்பட்டது போன்ற, பூர்வகுடியினரே நடத்தும் காப்பகங்களின் தேவை வலியுறுத்தப்படுகிறது.

தஞ்சம் கோரி வந்தவர்கள்

2023 ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், டொராண்டோ நகர மையத்தில் பீட்டர் தெருவில் உள்ள காப்பகச் சேர்க்கை அலுவலகத்தின் வெளியே, நூற்றுக்கும் மேற்பட்டோர் வாரக்கணக்கில் நடைபாதையில் படுத்துறங்கினர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அகதித் தஞ்சம் கோரி வந்தவர்கள். காப்பகங்கள் நிரம்பிவிட்டதால், தஞ்சக் கோரிக்கையாளர்களை மத்திய அரசின் திட்டங்களுக்கு அனுப்பப்போவதாக அந்த ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் நகர நிர்வாகம் அறிவித்திருந்தது. மத்திய அரசோ, காப்பகங்களை நடத்துவது நகரங்கள் மற்றும் மாகாணங்களின் பொறுப்பு என்றது. இந்த இழுபறியின் நடுவில் சிக்கியவர்கள் மழையிலும் வெயிலிலும் தெருவில் கிடந்தனர்.

இறுதியில் அவர்களை முதலில் உள்ளே அழைத்தவை அரசுகள் அல்ல. நகரின் வடபகுதியில் கறுப்பினத்தவர் நடத்தும் தேவாலயங்களே அவர்களைப் பேருந்துகளில் ஏற்றிச் சென்று தமது அரங்குகளில் தங்கவைத்தன. அதன் பின்னர் ஜூலை மாதம் 18 ஆம் தேதி, டொராண்டோவுக்கு 97 மில்லியன் டாலர்கள் உள்ளிட்ட 212 மில்லியன் டாலர் உதவியை மத்திய அரசு அறிவித்தது.

கறுப்பினத்தவர் நகர மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள். ஆனால் இந்த நெருக்கடிக்கு முன்னரே, 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அவர்கள் வீடற்றோரில் 31 சதவீதமாக இருந்தனர். வாடகைச் சந்தையில் நிறப்பாகுபாடு ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டிக்காட்டப்படுகிறது.

தஞ்சக் கோரிக்கையாளர்களின் தேவை மற்றவர்களின் தேவையிலிருந்து வேறுபட்டது. அவர்களில் பலரும் உழைக்கும் வயதினர், உடல்நலம் உள்ளவர்கள், படித்தவர்கள். அவர்களுக்கு மருத்துவரோ சமூகப் பணியாளரோ அவசரத் தேவை அல்ல. வேலை அனுமதிப் பத்திரம், முதல் மாத வாடகை, கனடாவில் கடன் வரலாறு இல்லாதவருக்கும் வீடு தர முன்வரும் ஒரு உரிமையாளர் ஆகிய மூன்றும் கிடைத்தால், பலரும் காப்பகத்தை விட்டு வெளியேறிவிட முடியும்.

இளைஞர்களும் பெண்களும்

இளம் வயதில் வீட்டை விட்டு வெளியேறுபவர்களில் பலர் குடும்ப வன்முறையிலிருந்தோ, குழந்தைகள் நல அமைப்புகளின் பராமரிப்பிலிருந்தோ வந்தவர்கள். 2013 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இளைஞர் காப்பகங்களில் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தம்மை ஒருபாலீர்ப்பினர் அல்லது திருநர் போன்ற பாலியல் சிறுபான்மையினர் என்று கூறினர். இதையடுத்து, அவர்களுக்கென்றே ஒரு தனித் தங்குமிடம் 2016 ஆம் ஆண்டில் நகரில் திறக்கப்பட்டது.

பெண்களின் நிலை வேறு. தெருவில் தங்குவது அவர்களுக்கு மிகவும் ஆபத்தானது என்பதால், அவர்கள் ஒரு தோழியின் வீட்டிலிருந்து மற்றொரு தோழியின் வீட்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அல்லது வன்முறை நிறைந்த வீட்டுக்கே திரும்பிச் செல்கிறார்கள். இதனால் எல்லாக் கணக்கெடுப்புகளிலும் பெண்களின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகிறது.

குடியேறிய பெண்களுக்கு இத்துடன் குடிவரவுச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2012 ஆம் ஆண்டு முதல் 2017 ஆம் ஆண்டு வரை, வாழ்க்கைத் துணையால் அழைக்கப்பட்டு கனடாவுக்கு வந்த பலர், இரண்டு ஆண்டுகள் அவருடன் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தரக் குடியுரிமை அனுமதியைத் தக்கவைத்துக்கொள்ள முடியும் என்ற நிபந்தனை இருந்தது. வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு விதிவிலக்கு இருந்தபோதிலும், அதைப் பலரும் அறிந்திருக்கவில்லை என்று பெண்கள் அமைப்புகள் கூறிவந்தன. அந்த நிபந்தனை 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நீக்கப்பட்டது. ஆனால் "வீட்டை விட்டுப் போனால் நாடு கடத்திவிடுவார்கள்" என்ற அச்சம் சட்டத்துடன் சேர்ந்து ஒரே நாளில் நீங்கிவிடக்கூடியது அல்ல.

தமிழர்களும் மறைந்திருக்கும் வீடற்ற நிலையும்

1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் பலர், டொராண்டோவின் செயின்ட் ஜேம்ஸ் டவுன் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வீட்டில் பலராகத் தங்கித் தமது வாழ்வைத் தொடங்கினர். முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்கு இடம் கொடுத்தார். ஊர், உறவு, பள்ளிக்கூடம் என்ற தொடர்புகளே அவர்களுக்குக் காப்பகமாக அமைந்தன. பின்னர் ஸ்கார்பரோ பகுதியில் வீடு வாங்கியவர்கள், அடமானக் கடனைக் கட்டுவதற்காக நிலக்கீழ்த் தளத்தைப் புதிதாக வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டனர்.

பேஸ்மென்ட் என்று தமிழர்கள் அழைக்கும் இந்த நிலக்கீழ் வீடுகள் பல்லாயிரம் பேரைத் தெருவுக்குப் போகாமல் காத்தன. அதே நேரத்தில், அவை பலரைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியிலும் வைத்தன. அறை அறையாகப் பலருக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்குப் பழைய டொராண்டோ நகரப் பகுதியில் உரிமம் வழங்கப்பட்டபோதிலும், ஸ்கார்பரோவில் அவை சட்டவிரோதமாகவே இருந்தன. 1998 ஆம் ஆண்டில் ஸ்கார்பரோ டொராண்டோவுடன் இணைக்கப்பட்ட பின்னரும் இந்த வேறுபாடு கால் நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. புகை எச்சரிக்கைக் கருவி இல்லை, அவசர வழி இல்லை என்று முறையிட்டால் வீடே மூடப்பட்டுவிடும் என்ற அச்சத்தில் குடியிருந்தவர்கள் மௌனமாக இருந்தனர். நகர் முழுவதற்குமான ஒரே உரிம முறை 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31 ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு சட்ட நுணுக்கமும் இங்கே முக்கியமானது. ஒன்டாரியோவில் வாடகைக்குக் குடியிருப்பவரை, வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்றி எவரும் வெளியேற்ற முடியாது. ஆனால் வீட்டு உரிமையாளருடனோ, அவரது நெருங்கிய குடும்பத்தினருடனோ சமையலறையை அல்லது குளியலறையைப் பகிர்ந்துகொண்டாக வேண்டிய ஏற்பாட்டில் குடியிருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உறவினர் அல்லது ஊர்க்காரர் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் பலர் இந்த வகையில் வருகின்றனர். ஒரு வாக்குவாதம் முற்றினால் அன்றிரவே பெட்டியுடன் வெளியே நிற்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்படலாம்.

முதியவர்களின் நிலை மேலும் சிக்கலானது. பிள்ளைகளால் அழைக்கப்பட்டு வந்த பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். முன்பு பத்து ஆண்டுகளாக இருந்த இந்தப் பொறுப்புக்காலம் 2014 ஆம் ஆண்டில் இருபது ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. முதியோர் ஓய்வூதியம் பெறுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். எனவே மகனுடனோ மருமகளுடனோ உறவு முறிந்துபோன ஒரு தாய்க்கு வருமானமும் இல்லை, தனி வீட்டுக்கு வழியும் இல்லை. அரச உதவியைக் கேட்டால் பிள்ளையிடமிருந்து அந்தத் தொகை திரும்பக் கோரப்படலாம் என்பதால், பலர் கேட்பதே இல்லை. ஒரு மகள் வீட்டில் சில மாதங்கள், ஒரு சகோதரி வீட்டில் சில மாதங்கள் என்று அவர்களது காலம் கழிகிறது. இது வரையறையின் மூன்றாவது வகை. ஆனால் அந்தத் தாயிடம் கேட்டால், தான் வீடற்றவர் என்று சொல்லமாட்டார்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற தயக்கம் இங்கே பெரும் பங்கு வகிக்கிறது. காப்பகத்துக்குச் செல்வது குடும்ப மானத்தை இழப்பதாகக் கருதப்படும் சமூகத்தில், உதவி கேட்பதே கடைசி வழியாகிறது. உறவுகளின் தாராளம் ஒருவரைத் தெருவிலிருந்து காக்கிறது. ஆனால் அதே தாராளம் அவரது தேவையை அரசின் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது.

எது பலனளித்தது?

2009 ஆம் ஆண்டு முதல் 2013 ஆம் ஆண்டு வரை, மத்திய அரசின் 110 மில்லியன் டாலர் நிதியுதவியுடன், டொராண்டோ உட்பட ஐந்து கனடிய நகரங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. மனநலப் பிரச்சினைகளுடன் வீடின்றி வாழ்ந்த 2,000-க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். போதைப் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும், சிகிச்சை பெற வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமின்றி ஒரு பகுதியினருக்கு முதலில் வீடு வழங்கப்பட்டது. அதன் பின்னரே மற்ற உதவிகள் சேர்க்கப்பட்டன.

ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், இவ்வாறு வீடு பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் முழுக் காலமும் வீட்டில் நிலைத்திருந்தனர். வழக்கமான சேவைகளை மட்டும் பெற்றவர்களில் அந்த விகிதம் 31 சதவீதம். மருத்துவமனை, காப்பகம், காவல்துறை எனப் பொதுச் சேவைகளை மிக அதிகமாகப் பயன்படுத்திவந்தவர்களைப் பொறுத்தவரை, வீட்டுக்காகச் செலவிடப்பட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் 20 டாலருக்கும் மேல் மிச்சமானதாகக் கணக்கிடப்பட்டது.

டொராண்டோவில் இந்த ஆய்வின் ஒரு பகுதி, வெள்ளையர் அல்லாத இனக்குழுக்களைச் சேர்ந்தவர்களுக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்டது. அவர்களது மொழி, உணவு, குடும்ப உறவு, இனவெறி அனுபவம் ஆகியவற்றை அறிந்த பணியாளர்கள் அதை நடத்தினர். அங்கும் வீட்டில் நிலைத்திருந்தவர்களின் விகிதம் கணிசமாக உயர்ந்தது.

ஆனால் இத்தகைய திட்டங்கள் செயல்பட வேண்டுமானால் முதலில் வீடுகள் இருக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டில் கனடா, போதுமான வீட்டு வசதியை மனித உரிமையாக ஏற்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நாள்பட்ட வீடற்ற நிலையை 2028 ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கும் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் தமது திட்டங்களால் அந்த நிலை குறைந்ததா இல்லையா என்பதே பொறுப்பான அரசுத் துறைகளுக்குத் தெரியவில்லை என்று 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர் தமது அறிக்கையில் தெரிவித்தார்.

இதற்கிடையே, பூங்காக்களில் கூடாரமடித்திருப்போரை அகற்றுவதா வேண்டாமா என்பதே பொது விவாதத்தின் மையமாக இருந்துவந்திருக்கிறது. 2021 ஆம் ஆண்டில் டொராண்டோவின் மூன்று பூங்காப் பகுதிகளில் பெரும் போலீஸ் படையுடன் கூடாரங்கள் அகற்றப்பட்டன. போதிய காப்பக இடம் இல்லாத நிலையில் கூடாரவாசிகளை வெளியேற்றுவது அவர்களது அரசியல் சாசன உரிமையை மீறும் என்று 2023 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வாட்டர்லூ பிராந்தியம் தொடர்பான வழக்கில், ஒன்டாரியோ நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

கூடாரங்கள் கண்ணில் படுபவை. ஆகவே அவை விவாதிக்கப்படுகின்றன. ஸ்கார்பரோவின் ஒரு நிலக்கீழ் அறையில், அடுத்த மாத வாடகைக்கு வழியின்றி இருப்பவரோ, மகள் வீட்டுக் கூடத்தில் தனது துணிகளை ஒரு பயணப் பெட்டியிலேயே மடித்து வைத்திருக்கும் மூதாட்டியோ கண்ணில் படுவதில்லை. வீடற்றோரைக் கணக்கெடுப்பவர்கள் தேடிச் செல்லும் இடங்களில் அவர்கள் இருக்கமாட்டார்கள். அவர்களைக் கணக்கில் கொண்டுவரக் கூடியவர்கள், அவர்களை அன்றாடம் சந்திக்கும் தமிழ் மருத்துவர்களும், கோயில்களும், தேவாலயங்களும், முதியோர் சங்கங்களும்தான்.